கணிப்பொறித் திட்டங்கள் தோல்வியுறுவது ஏன்?

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

இன்று நம் கிராமங்களில் கணிப்பொறி நுழையாத துறை இல்லை என்றே கூறலாம். பஞ்சாயத்தின் வரவு செலவு, வீட்டு வரி, பட்டா, ரேஷன் அட்டை, முதியோர் உதவித் தொகை, பயிர்க் காப்பீடு ஆகிய யாவும் இன்று ஏதேனும் ஒரு கணிப்பொறியின் வழியாகவே நடைபெறுகின்றன. ஆண்டுதோறும் புதிய புதிய ஏற்பாடுகள் வந்தவண்ணம் உள்ளன. அவற்றுள் சில மக்களுக்குப் பெரும் நன்மை புரிகின்றன. வேறு சிலவோ, திறப்பு விழா முடிந்த சில மாதங்களுக்குள்ளேயே பயனற்றுப் போகின்றன. இயந்திரம் ஒரு மூலையில் தூசு படிந்து கிடக்கிறது; மக்கள் பழையபடியே மனுவைக் கையில் ஏந்தி அலைகிறார்கள்.

இத்தகைய திட்டங்களுக்குப் பணம் இல்லாமல் இல்லை. படித்த நிபுணர்கள் இல்லாமல் இல்லை. அட்டவணை உண்டு, ஆய்வுக் கூட்டம் உண்டு, மாதாந்தர அறிக்கை உண்டு. இவ்வளவு நிர்வாகமும் இருந்தும் திட்டம் தோற்பது ஏன்? பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதனை அறிந்து கொள்வது அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில், திட்டத்தை வகுப்பவர்கள் எங்கோ இருக்கிறார்கள். அது தவறினால் அதன் சுமையைத் தாங்குபவர்கள் நாம்.

திட்ட நிர்வாகம் என்பது யாது?

ஒரு வேலையைப் பல பகுதிகளாகப் பிரித்து, எது முன், எது பின் என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆளும் பணமும் நாளும் குறித்து, குறித்தபடி நடக்கிறதா என்று கண்காணிப்பதே திட்ட நிர்வாகம். இது நமக்குப் புதியதன்று. நாற்றங்கால் தயாரிப்பது எப்போது, தொழி உழவு எப்போது, நடவுக்கு எத்தனை ஆள், மேலுரம் எந்த நாளில் என்று கணக்கிட்டு நடத்தும் விவசாயி ஒவ்வொருவரும் திட்ட நிர்வாகியே ஆவார்.

ஆயினும் இம்முறை கணிப்பொறித் திட்டங்களில் எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இத்தகைய 1,471 திட்டங்களை ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சராசரியாகச் செலவு மதிப்பீட்டைவிட 27 சதவீதம் கூடியிருந்தது. இது மட்டுமாயின் பெரிய வியப்பில்லை. வீடு கட்டியவர்களுக்கு இது பழகிய கதைதான். ஆனால் ஆறு திட்டங்களுக்கு ஒன்று வீதம், செலவு மதிப்பீட்டைப்போல் மூன்று மடங்காகியிருந்தது; காலமும் ஏறக்குறைய 70 சதவீதம் நீண்டிருந்தது. அதாவது, ஒரு லட்ச ரூபாய் என்று தொடங்கிய வேலை மூன்று லட்சத்தில் நிற்கும் ஆபத்து ஆறில் ஒன்று உண்டு. எந்தப் பஞ்சாயத்தும் இதனை எளிதாக எண்ணிவிடலாகாது.

லண்டன் நகரம் கற்ற பாடம்

திட்டம் எவ்வாறு தவறுகிறது என்பதை விளக்குவதற்கு லண்டன் நகர ஆம்புலன்ஸ் சேவையின் வரலாற்றைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை. நம் மாநிலத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுவதால், இதனை நாம் எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

லண்டனில் அக்காலத்தில் ஏறக்குறைய 68 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். நாள் ஒன்றுக்கு 2,000-க்கு மேற்பட்ட அழைப்புகள் வந்தன. தொலைபேசியில் அழைப்பு வந்ததும் ஓர் ஊழியர் விவரத்தைத் தாளில் எழுதுவார். படப் புத்தகத்தைப் புரட்டி இடத்தைக் கண்டறிவார். அத்தாள் ஓடும் பட்டையில் ஏறி அடுத்தவரிடம் செல்லும். எந்த வண்டி அருகில் இருக்கிறது என்று அறிந்த அனுபவசாலி ஒருவர் வண்டியைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார். இம்முறை மந்தமானது, தாள் தவறுவதும் உண்டு. ஆகவே இவ்வளவையும் கணிப்பொறியே செய்யட்டும் என்று முடிவாயிற்று. அழைப்பு வந்ததும் இடத்தைக் கண்டறிவது, வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று அறிவது, அருகிலுள்ள வண்டிக்குத் தானே உத்தரவு அனுப்புவது ஆகிய அனைத்தையும் ஒரே ஏற்பாட்டில் அடக்கினார்கள்.

இதில் நிகழ்ந்தவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம். முதலில் தேதியைக் குறித்தார்கள். 1992 ஜனவரி 8-ஆம் தேதி முழு ஏற்பாடும் இயங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அத்தேதிக்குள் இது இயலாது என்று கூறிய நிறுவனங்களும் இருந்தன. அவற்றை விட்டு, குறைந்த தொகை கேட்டவர்களுக்கு ஒப்பந்தம் அளித்தார்கள். மென்பொருள் எழுதும் பொறுப்பை ஏற்றது, இவ்வளவு பெரிய அவசர சேவையை அமைத்த அனுபவம் இல்லாத ஒரு சிறு நிறுவனம். பெயர் பெற்ற ஒரு திட்ட நிர்வாக முறையைக் கையாளப் போவதாக ஏட்டில் எழுதினார்கள். ஆனால் அம்முறையில் பழக்கமுள்ளவர் ஒருவரும் அங்கு இல்லை. வண்டி ஓட்டுபவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் ஏற்கெனவே மனக்கசப்பு இருந்தது; அவர்களைக் கலந்தாலோசித்தது மிகக் குறைவு. பயிற்சி அளித்தார்கள், ஆனால் திட்டம் தாமதமாகவே, இயந்திரம் வருவதற்குள் கற்றது மறந்து போயிற்று.

குறித்த தேதி தவறிற்று. இறுதியில் 1992 அக்டோபர் 26-ஆம் தேதி, லண்டன் முழுவதற்கும் ஒரே நாளில் புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். அன்று தீர்க்கப்படாமல் இருந்த குறைகள் 81 என்று அவர்களுடைய பதிவேட்டிலேயே இருந்தது. முழுச் சுமையில் எவ்வாறு இயங்கும் என்று சோதித்துப் பார்க்கவில்லை. தாள் முறையையும் அன்றே கைவிட்டார்கள்.

கணிப்பொறி சரியாக முடிவெடுக்க வேண்டுமாயின், ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது, காலியாக உள்ளதா இல்லையா என்பது பிழையின்றி அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ரேடியோ அலை எட்டாத இடங்கள் இருந்தன. அவசரத்தில் ஊழியர்கள் தவறான பொத்தானை அழுத்தினார்கள். ஆகவே கணிப்பொறி அறிந்தது ஒன்று, தெருவில் இருந்தது வேறொன்று. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் சென்றன. மற்றோரிடத்துக்கு ஒன்றும் செல்லவில்லை. வண்டி வராத வீட்டார் மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். அழைப்புகள் பெருகவே எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்து, பழைய செய்திகள் கண்ணுக்கு மறைந்தன. தவறு தவறைப் பெருக்கியது. தலைமை நிர்வாகி இரண்டு நாட்களில் பதவி விலகினார். நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் இயந்திரம் முற்றிலும் நின்றுவிட்டது. சில வாரங்களுக்கு முன் செய்த ஒரு சிறு மாற்றத்தின்போது, கணிப்பொறியின் நினைவகத்தை ஓயாமல் விழுங்கும் ஒரு துணுக்கு உள்ளே விடப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். பிறகு தாளும் பென்சிலுமே துணையாயின.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விசாரணைக் குழு 1993-இல் அளித்த அறிக்கையின்படி, அக்டோபர் 26, 27 ஆகிய முதல் இரு நாட்களில் இயந்திரம் பழுதாகவில்லை. தனக்கு இட்ட வேலையை அது செய்துகொண்டுதான் இருந்தது. ஏற்பாடும் ஆயத்தமாக இல்லை, அதனைக் கையாளும் மனிதர்களும் ஆயத்தமாக இல்லை என்பதே குழுவின் முடிவு. ஆகவே கணிப்பொறித் திட்டத்தின் தோல்வி என்பது பெரும்பாலும் கணிப்பொறியின் தோல்வியன்று.

அதே லண்டனில் 1996-ஆம் ஆண்டில் புதிய ஏற்பாடு ஒன்று வெற்றியுடன் இயங்கத் தொடங்கியது. அதில் ஊழியர்களைக் கலந்துகொண்டார்கள். சிறு சிறு பகுதிகளாகப் புகுத்தினார்கள். ஒரு பகுதி நிலைத்த பின்னரே அடுத்ததைச் சேர்த்தார்கள். மக்கள் அதே மக்கள்; ஊரும் அதே ஊர். முறைதான் வேறு.

கண்ணுக்குத் தெரியாத வேலை

இனி, தோல்விக்கான காரணங்களை வகைப்படுத்திப் பார்ப்போம்.

கிணறு வெட்டும்போது, எத்தனை அடி ஆயிற்று என்பதை எவரும் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பாலம் கட்டும்போது தூண் எழுந்ததா இல்லையா என்பதற்கு அறிக்கை வேண்டியதில்லை. மென்பொருள் என்பதோ கணிப்பொறிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைகளின் தொகுதி, கண்ணுக்குத் தெரியாதது. ‘90 சதவீதம் முடிந்தது’ என்று ஒருவர் கூறினால், அதனை மறுப்பதற்கும் வழியில்லை, நம்புவதற்கும் ஆதாரமில்லை. எஞ்சிய 10 சதவீதத்தில்தான் கடினமான வேலை முழுவதும் ஒளிந்திருப்பது வழக்கம்.

இரண்டாவது காரணம், தேவையை முன்கூட்டியே முழுவதும் சொல்ல இயலாமை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், ஏறக்குறைய 78,000 சுகாதாரத் துறை ஊழியர்களுக்குச் சம்பளம் கணக்கிடும் ஏற்பாடு 2010 மார்ச் மாதம் தொடங்கப்பட்டது. சம்பளம் கணக்கிடுவதில் என்ன கடினம் என்று தோன்றலாம். ஆனால் இரவுப் பணி, விடுமுறைப் பணி, தொலைதூரப் பணி என்று 200-க்கும் மேற்பட்ட படிகள் அங்கு இருந்தன. அவை அனைத்தையும் தீர அறிந்து எழுதி முடிக்கும் முன்னரே வேலை தொடங்கிவிட்டது. சோதனையில் குறைகள் வெளிப்பட்டபோது, அவற்றைத் தீர்ப்பதற்குப் பதிலாகத் தேர்ச்சிக்கான அளவைத் தளர்த்தினார்கள். விளைவு, பலருக்குச் சம்பளமே வரவில்லை. சிலருக்கு அதிகம் வந்து, பின்னர் திருப்பிக் கேட்கப்பட்டது. சுமார் 60 லட்சம் டாலரில் தொடங்கிய ஒப்பந்தம் அது. எல்லாவற்றையும் சீர் செய்து நடத்தும் மொத்தச் செலவு சுமார் 120 கோடி டாலர் ஆகும் என்று பின்னர் கணக்கிடப்பட்டது.

மூன்றாவது, தகவலின் குறை. களத்தில் ஈரநெல்லைக் கொட்டிவிட்டு, பத்தாயத்தைப் புதிதாகச் செய்தால் பயன் என்ன? ஒரே மனிதரின் பெயர் ஆதார் அட்டையில் ‘முத்துச்சாமி’ என்றும், வங்கிப் புத்தகத்தில் ‘முத்துசாமி’ என்றும், பட்டாவில் தகப்பனார் பெயரோடு சேர்ந்தும் இருக்கும். ஊரார் எல்லோருக்கும் அவர் ஒருவரே. கணிப்பொறிக்கோ அவர் மூவர். அம்மூவரில் எவருக்கும் பணம் அனுப்ப அது மறுத்துவிடும். இக்குறையைத் தீர்க்கும் வேலைக்கு மதிப்பீட்டில் பெரும்பாலும் ஒரு ரூபாயும் ஒதுக்கப்படுவதில்லை.

ஆள் கூட்டினால் வேலை முடியுமா?

திட்டம் தாமதமானால் நமக்கு உடனே தோன்றும் வழி, ஆட்களைக் கூட்டுவது. நடவிலும் அறுப்பிலும் இது பலிக்கும். பத்துப் பேர் இரண்டு நாள் அறுக்கும் வயலை இருபது பேர் ஒரு நாளில் அறுத்துவிடுவார்கள். ஏனெனில் ஒருவர் அறுப்பதற்கு மற்றவரைக் கேட்க வேண்டியதில்லை.

மென்பொருள் வேலை அப்படியன்று. அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் 1960-களில் மிகப் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் என்பவர், தம் அனுபவத்தை 1975-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆளைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்பது அவர் கண்ட உண்மை. காரணம் எளியது. புதிதாக வந்தவருக்கு வேலையைக் கற்பிக்க, அதனை அறிந்தவர் தம் வேலையை நிறுத்த வேண்டும். மேலும், ஒருவர் எழுதுவது மற்றவர் எழுதுவதோடு பொருந்த வேண்டுமாதலால், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரோடும் கலந்து பேச வேண்டியிருக்கிறது. மூவர் இருந்தால் மூன்று இணைகள். பதின்மர் இருந்தால் 45 இணைகள். ஐம்பதின்மர் இருந்தால் 1,225 இணைகள். வேலை செய்யும் நேரத்தைப் பேச்சே தின்றுவிடுகிறது.

கோழி 21 நாள் அடைகாத்தால்தான் குஞ்சு பொரிக்கும். பத்துக் கோழிகளை ஒரே முட்டையின்மீது மாறி மாறி உட்கார வைத்தாலும் இரண்டே நாளில் குஞ்சு வராது. இதனை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். ஆனால் ‘பொங்கலுக்குள் முடிக்க வேண்டும்’ என்று தேதியை முதலில் குறித்துவிட்டு, பிறகு வேலையை அத்தேதிக்குள் திணிக்கும் நாம் மட்டும் மறந்துவிடுகிறோம்.

நாம் செய்த பிழை

பிறருடைய தவறுகளையே கூறிக்கொண்டிருப்பது முறையாகாது. சில ஆண்டுகளுக்கு முன்பு நாம் பணியாற்றிய ஒரு வட்டாரத்தில், குடிநீர் மோட்டார்களைக் கைப்பேசி மூலம் இயக்கும் பெட்டிகளை 31 ஊராட்சிகளில் பொருத்தினோம். டேங்க் ஆப்பரேட்டர் அதிகாலையில் காட்டு வழியே நடந்து சென்று மோட்டாரைப் போட வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே போடலாம், தொட்டி நிரம்பினால் தானே நிற்கும், மின்சாரமும் தண்ணீரும் மிச்சமாகும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். அட்டவணை போட்டோம், வாரந்தோறும் ஆய்வுக் கூட்டம் நடத்தினோம். மூன்று மாதத்தில் ‘31-க்கு 31, பணி நிறைவு’ என்று அறிக்கை அனுப்பினோம். பாராட்டும் கிடைத்தது.

ஏழெட்டு மாதங்கள் கழித்து, கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஒரு சிற்றூரிலிருந்து புகார் வரவே, நேரில் சென்றோம். பெட்டி பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் டேங்க் ஆப்பரேட்டர் அதனைத் தொடாமல் தனியே ஒரு ஒயரை இழுத்து, பழையபடியே கையால் மோட்டாரைப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. பெட்டிக்குள் இருக்கும் சிம் கார்டுக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். அதனை யார் கட்டுவது என்று எந்த உத்தரவிலும் எழுதப்படவில்லை. இரண்டாம் மாதமே அது செத்துவிட்டது. அதற்கு முன்பும், அக்குன்றின் அடிவாரத்தில் சிக்னல் கிடைப்பது அரிது. மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வரும் என்பது அவருக்கு மனப்பாடம். பெட்டியை அமைத்தவர்களுக்குத் தெரியாது. பெட்டி பொருத்த வந்த நாளில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

நாம் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, குடத்துடன் நின்றிருந்த ஒரு மூதாட்டி, “தண்ணி வருதா இல்லையான்னு கொழாயைப் பாத்தாத் தெரியும். நீங்க ஏங்கய்யா பொட்டியைப் பாக்கறீங்க?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நம் அறிக்கையில் ‘பொருத்தப்பட்ட பெட்டிகள்’ என்று ஒரு பத்தி இருந்தது. ‘தண்ணீர் வந்த குழாய்கள்’ என்று ஒரு பத்தி இல்லை. நாம் அனுப்பிய கணக்கில் பொய் ஒன்றும் இல்லை; 31 பெட்டிகளும் பொருத்தப்பட்டன என்பது உண்மையே. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை. பின்னர் மற்ற ஊராட்சிகளையும் சென்று பார்த்தோம். பெட்டியின் வழியாக மோட்டார் இயங்கியது ஒன்பதில் மட்டுமே. அந்த ஒன்பதிலும் ஊராட்சித் தலைவரோ செயலாளரோ சிம் கார்டுக்குத் தம் கைப்பணத்தைச் செலவிட்டு வந்தார்கள். எஞ்சிய ஊர்களில் அக்கோடையில் குடத்துடன் காத்திருந்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மேலூரும் கர்நாடகமும்

நம் மாநிலத்திலேயே, மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில், 2001-ஆம் ஆண்டில் ‘சாரி’ என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. நிறுவனத்தில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொடர்பு நுட்பத்தின் மூலம் கிராமங்களில் இணைய நிலையங்களை அமைத்தார்கள். உலகப் புகழ் பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் இதில் பங்கு கொண்டன. சான்றிதழ்களுக்கும் உதவித் தொகைக்கும் கிராமத்திலிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வழி செய்தார்கள். தொடக்கத்தில் மக்கள் ஆர்வத்துடன் பயன்படுத்தினார்கள். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணமும் செலவிட்டு மேலூர் செல்வது தவிர்ந்தது. ஆனால் இதில் அக்கறை கொண்ட அதிகாரிகளும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் மாற்றலாகிச் சென்ற பின், வந்த விண்ணப்பங்களைக் கவனிப்பார் இல்லை. விடை வராத இடத்துக்கு மக்கள் ஏன் விண்ணப்பம் அனுப்பப் போகிறார்கள்? வருமானம் குறையவே, சில ஆண்டுகளில் பெரும்பாலான நிலையங்கள் மூடப்பட்டன. நுட்பம் தோற்கவில்லை, ஒரு சிலரின் ஆர்வத்தை அலுவலகத்தின் நிலையான வழக்கமாக மாற்றாததே குறை.

இதற்கு மாறாக, கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 67 லட்சம் விவசாயிகளின் இரண்டு கோடி நில ஆவணங்கள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. 15 ரூபாய் கட்டணத்தில் விவசாயி தம் நிலப் பதிவின் நகலைத் தாலுகா அலுவலகத்திலேயே பெற முடிந்தது. இது எவ்வாறு கூடிற்று? ஏற்றிய விவரங்களை அச்சிட்டு, பதிவேட்டை அறிந்த கிராமக் கணக்கர்களைக் கொண்டே சரிபார்க்கச் செய்தார்கள். மனு செய்ய வரும் விவசாயி தம் விவரத்தைத் தாமே காணும்படி, அவரை நோக்கி ஒரு திரையை வைத்தார்கள். ஒரு தாலுகாவில் கணிப்பொறி முறை நிலைத்ததும், அங்குக் கையால் எழுதிய நகல் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆகவே பழைய வழிக்குத் திரும்ப இடமில்லை. குறைகளே இல்லாத திட்டம் என்று இதனைக் கூற முடியாது. எனினும், அறிந்தவர்களைக் கேட்டல், தகவலைச் சரிபார்த்தல், அலுவலகத்தின் வழக்கத்தையே மாற்றுதல் ஆகிய மூன்றும் இதில் இருந்தன.

பஞ்சாயத்து கேட்க வேண்டிய கேள்விகள்

பஞ்சாயத்து உறுப்பினர் கணிப்பொறி நிபுணராக வேண்டியதில்லை. கிணற்று வேலைக்கு ஒப்புதல் அளிப்பவர் கொத்தனாராக இருக்க வேண்டுமா? சரியான கேள்வியைக் கேட்டால் போதும். எந்தக் கணிப்பொறி ஏற்பாடு தீர்மானத்துக்கு வந்தாலும், கீழ்க்கண்டவற்றைக் கேட்டு, விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்தல் நலம்.

1. இதனால் எவருடைய எந்தக் கஷ்டம் தீரும்? அதனை ஒரே வாக்கியத்தில் கூற இயலாவிடின், திட்டம் இன்னும் கனியவில்லை என்று கொள்க.

2. நாள்தோறும் இதனைக் கையாளப் போகிறவர் யார்? அவரைக் கேட்டார்களா? டேங்க் ஆப்பரேட்டர், பணித்தளப் பொறுப்பாளர், அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடை விற்பனையாளர் ஆகியோர் சொல்லும் ஒரு சொல், நிபுணரின் நூறு பக்க அறிக்கைக்கு ஈடாகும்.

3. முதலில் ஓர் ஊரிலோ ஒரு குக்கிராமத்திலோ செய்து பார்த்தார்களா? புதிய விதையை முதல் ஆண்டிலேயே பத்து ஏக்கரிலும் விதைக்கும் விவசாயி இல்லை. சோதனை ஊராக எல்லா வசதியும் உள்ள ஊரைத் தேர்ந்தெடுப்பதும் தவறு. சிக்னலும் மின்சாரமும் குறைந்த ஊரில் வெற்றி பெற்றால் எங்கும் வெற்றி பெறும்.

4. முதல் ஆண்டுக்குப் பின் வரும் செலவை யார் ஏற்பது? சிம் கார்டு, பழுது, மின்சாரம், ஆள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

5. இயந்திரம் நின்றுவிட்டால் அன்றைய வேலை எவ்வாறு நடைபெறும்? கையேடு முறையை எடுத்த எடுப்பிலேயே கைவிடலாகாது. புதியது நிலைத்தது என்று ஊரே ஒப்பும் வரை பழையதும் பக்கத்தில் இருக்கட்டும்.

6. குறைந்த ஒப்பந்தப் புள்ளி ஏன் குறைவாக இருக்கிறது? ஒப்பந்தக்காரர் இதே வேலையை வேறெங்கே செய்திருக்கிறார்? அந்த ஊருக்கு ஒருவரை அனுப்பிக் கேட்டு வருவதற்குப் பஸ் கட்டணம்தான் செலவு.

7. வெற்றியை எதைக்கொண்டு அளப்பது? பெட்டியையா, குழாயையா?

உண்மையைச் சொல்லும் துணிவு

இக்கேள்விகள் அனைத்தையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. அது, கெட்ட செய்தியை மேலே சொல்லும் துணிவு. அதனைவிட, கேட்கும் பொறுமை. லண்டனில் 81 குறைகள் ஏட்டில் இருந்தன. குவீன்ஸ்லாந்தில் சோதனையே எச்சரித்தது. நம் வட்டாரத்தில் 22 டேங்க் ஆப்பரேட்டர்களுக்குப் பெட்டி இயங்கவில்லை என்பது தெரிந்தே இருந்தது. அறிந்தவர்கள் கீழே இருந்தார்கள். முடிவெடுப்பவர்கள் மேலே இருந்தார்கள். இடையில் அறிக்கை இருந்தது. ஒவ்வொரு படியிலும் அறிக்கை சற்றே இனிமையாக்கப்பட்டு மேலே சென்றது. ‘இயங்கவில்லை’ என்பது ‘சிறு குறை உள்ளது’ என்றாகி, ‘சீர் செய்யப்பட்டு வருகிறது’ என்றாகி, இறுதியில் ‘நிறைவு’ என்றாயிற்று.

இதற்குக் கீழுள்ளவர்களை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. ஆய்வுக் கூட்டத்தில் ‘முடியவில்லை’ என்று சொல்பவருக்கு வசையும், ‘முடிந்தது’ என்று சொல்பவருக்குப் பாராட்டும் அளித்தால், எவர்தான் உண்மையைச் சொல்வார்? அந்தக் கோடைக்குப் பின் நம் அலுவலகத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். மாத அறிக்கையில் ‘நிறைவு’ என்ற பத்திக்கு அருகில், ‘கடந்த வாரம் நேரில் கண்ட நிலை’ என்று மற்றொரு பத்தியைச் சேர்த்தோம். அதனை அதிகாரி எழுதுவதில்லை. பயன்படுத்துவோர் ஒருவர் சொல்வதை அப்படியே எழுதி, அவர் கையொப்பமோ கைரேகையோ பெற வேண்டும். முதல் மாதத்தில் நம் ‘நிறைவு’ எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள்; அளித்தோம். ஆனால் அதன் பின்னரே, சிம் கார்டுக்கான செலவை ஊராட்சியின் பொது நிதியிலிருந்து கொடுப்பது என்று ஒவ்வோர் ஊராட்சியும் தீர்மானம் இயற்றியது. சிக்னல் இல்லாத ஊர்களில் பெட்டியைக் கழற்றிவிட்டு, நேரத்துக்கு இயங்கும் சாதாரண ஸ்விட்சைப் பொருத்தினோம். அது விலை குறைந்த பொருள். விழா எடுக்கத் தகுந்ததன்று. ஆனால் தண்ணீர் வருகிறது.

கணிப்பொறியை வெறுத்து ஒதுக்குவது நம் நோக்கமன்று. நல்ல முறையில் அமைந்த ஏற்பாடு ஓர் ஏழையின் பத்து நாள் அலைச்சலைப் பத்து நிமிடத்தில் தீர்த்து வைக்கும் வல்லமை உடையது. ஆனால் ஏரும் மாடும் இருந்தால் மட்டும் வயல் விளைந்துவிடாது. மண்ணை அறிந்த உழவன் வேண்டும். திட்டம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும், மண்ணை அறிந்தவர்கள் நீங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒரு புதிய ஏற்பாட்டைப் பற்றி நம் போன்ற அதிகாரி ஒருவர் பெருமையாக விவரிக்கும்போது, மரியாதையுடன் எழுந்து, “ஐயா, குழாயைப் பார்த்தீர்களா?” என்று கேளுங்கள். அக்கேள்வி எங்களுக்குச் செய்யும் உதவியாகவே இருக்கும்.